துப்பாக்கி லைசென்ஸ் சீட்டில் வந்த போன்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. பாபநாசத்திலிருந்து திருக்குறுங்குடி வரை மலையடிவாரத்தில் நெல்லும் வாழையும் போட்டிருக்கும் விவசாயிகள் ஒரு வகை. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் காவலுக்கு நிற்பவர்கள் ஒரு வகை. பாட்டனார் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, துணி சுற்றி, பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பழைய குடும்பங்கள் ஒரு வகை. ஒருவரை ஒருவர் அறியாத இந்த மூன்று வகையினரும் கொக்கிரகுளத்தில் ஒரே மேசைக்குத்தான் போன் போடுவார்கள். வருவாய்த்துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்த மேசையில் கழித்தேன்.

ஆட்சியர் அலுவலகத்தில் அதற்கு மேஜிஸ்டீரியல் செக்‌ஷன் என்று பெயர். பட்டாசுக் கடை, வெடிமருந்துக் கிடங்கு, கோயில் கொடைத் தகராறு, ஊர்வல அனுமதி எல்லாம் அங்கேதான் வரும். அதில் ஆயுத உரிமத்துக்கு என்று ஒரு சீட். புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் துப்பாக்கி என்றதும் கொஞ்சம் தயங்குவார்கள். ஆனால் அந்த சீட்டுக்குத் துப்பாக்கி வருவதில்லை. காகிதம் வரும், போன் வரும். காகிதத்துக்குப் பதில் எழுத விதிப்புத்தகம் இருக்கிறது. போனுக்குப் பதில் சொல்ல எந்தப் புத்தகமும் இல்லை.

அந்தப் போனை எடுப்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதில் ஊரின் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது என்பது என் அனுபவம். துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அலுவலகத்தின் மீது நம்பிக்கை இருந்தால், துப்பாக்கி எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஒருமுறை அவரை மிரட்டி அனுப்பிவிட்டால் அடுத்த முறை அவர் போன் போடமாட்டார். அன்றிலிருந்து பதிவேட்டில் இருக்கும் துப்பாக்கி வேறு, வீட்டில் இருக்கும் துப்பாக்கி வேறு.

லைசென்ஸ் கேட்டு ஒருவர் மனுக் கொடுத்தால் அது பல மேசை ஏறி இறங்கும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார், சேரன்மகாதேவி சப்-கலெக்டர் என்று ஒரு வழி. காவல் நிலையம், டி.எஸ்.பி., எஸ்.பி. அலுவலகம் என்று இன்னொரு வழி. காட்டோரத்துக் கிராமம் என்றால் வனத்துறையின் கருத்தும் சேர வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, காவல்துறை அறிக்கை கேட்டுப் பெற வேண்டும் என்கிறது. 2016இல் வந்த புதிய ஆயுத விதிகள் அந்த அறிக்கைக்கும் முடிவெடுப்பதற்கும் கெடு வைத்தன. விண்ணப்பதாரர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்க வேண்டும் என்பவையும் அந்த விதிகளில் இருக்கின்றன. இத்தனையும் மனுக் கொடுத்தவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மனுக் கொடுத்து ரொம்ப நாளாகிவிட்டது என்பதுதான்.

“என் மனு என்னாச்சு?” என்று அவர் கேட்கும்போது, “பரிசீலனையில் இருக்கிறது” என்று சொன்னால் அது பதிலே இல்லை. “தாசில்தார் அறிக்கை வந்துட்டு. எஸ்.பி. ஆபீஸ்லருந்து இன்னும் வரல. நேத்துத்தான் நினைவூட்டு அனுப்பிருக்கோம். பத்து நாள் கழிச்சுக் கூப்பிடுங்க” என்று சொன்னால் அதுதான் பதில். கோப்புகளின் நிலையைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டைத் திறந்து பார்த்து இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்த இடத்தில் மனிதர்கள் அடுத்த முறை குரல் தணிந்து பேசினார்கள். மனு நிராகரிக்கப்பட்டால்கூட, காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம், மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னபோது, தோற்றவர்கள்கூட மரியாதையாகத்தான் போனை வைத்தார்கள்.

விவசாயிகளின் போன் பெரும்பாலும் காலையில் வரும். இரவில் பட்டதை ஆற்றிக்கொள்ள முடியாமல் அலுவலகம் திறந்ததும் அழைப்பார்கள். களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணாச்சி, ராத்திரி பன்னி புகுந்து தோட்டத்தையே சாச்சிட்டு. குலை தள்ளுன வாழை அம்புட்டும் போச்சு. துப்பாக்கி வீட்லதான் இருக்கு. சுட்டா என்ன தப்பு?”

அவர் வைத்திருந்தது பயிர்ப் பாதுகாப்புக்கான நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் ஒத்தக்குழல். உண்மையான பயிர்க் காவலுக்கு என்றால் அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க ஆயுதச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆனால் ஆயுதச் சட்டம் கொடுப்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை. காட்டு விலங்கைச் சுடலாமா என்பதை முடிவு செய்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில்தான் மலையடிவாரத்து விவசாயி நிற்கிறார். முண்டந்துறை 1962இல் சரணாலயம் ஆனது. களக்காடு 1976இல் ஆனது. இரண்டும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகம் ஆயின. வனவிலங்குச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி உரிமதாரர் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புது உரிமம் கொடுக்கவும் அவருடைய முன் இசைவு தேவை. விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு, சிங்கம்பட்டி, களக்காடு எல்லாம் இந்த வளையத்துக்குள் வருகின்றன.

“சுடக்கூடாது, சுட்டால் கேஸ்” என்று சொல்லிப் போனை வைத்துவிட ஐந்து விநாடி போதும். வாழை போனவனிடம் அப்படிச் சொல்லக்கூடாது. முதலில் எத்தனை வாழை, என்ன ரகம், கடன் வாங்கிப் போட்டதா என்று கேட்பேன். அவர் சொல்லி முடித்த பிறகுதான் சட்டத்தைச் சொல்வேன். அதோடு நிறுத்தாமல், “பன்னி சாச்ச இடத்த அப்படியே போட்டோ எடுங்க. வி.ஏ.ஓ.வையும் வனச்சரக ஆபீஸையும் இன்னிக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு மனு குடுங்க” என்று அடுத்த வேலையைச் சொல்வேன். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் மனிதனுக்கு ஆத்திரம் பாதி அடங்கும். காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயியின் கையிலிருக்கும் துப்பாக்கிக்கு இதிலும் வேலை இல்லை. இதை அவருக்கு விளங்கச் சொல்லும் பொறுப்பு போனை எடுப்பவருடையது.

முன்னாள் ராணுவத்தினரின் போன் வேறு மாதிரி இருக்கும். பேர், ஊர், லைசென்ஸ் நம்பர், எந்தத் தேதியில் முடிகிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த லைசென்ஸ்தான் சோறு. ஒற்றைக்குழலோ ரெட்டைக்குழலோ, பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்றும் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால்தான் வங்கியில் காவலுக்கு எடுப்பார்கள். புதுப்பிக்கத் தாமதமானால் மேலாளர் அடுத்த நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார். முன்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம் ஆயிற்று. காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பே புதுப்பிக்க மனுக் கொடுத்துவிட வேண்டும். இந்த அறுபது நாள் விஷயத்தைத்தான் நான் அதிகம் சொல்லியிருப்பேன். எதற்காக அழைத்தாலும், பேச்சு முடியும்போது, “உங்க லைசென்ஸ் எப்ப முடியுது?” என்று கேட்பதை வழக்கமாக வைத்திருந்தேன். மனு வந்தால் அன்றே ஒப்புகைச் சீட்டு கொடுத்துவிடுவேன். சீருடை மடிப்புக் கலையாமல் வந்து நிற்கும் ஐம்பது வயதுக்காரர், வங்கி மேலாளரிடம் காட்ட அந்தத் துண்டுச் சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தேர்தல் வந்தால் எல்லா வகையினரும் ஒரே சமயத்தில் அழைப்பார்கள். தேர்தல் தேதி அறிவித்தவுடன் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வேலை தொடங்கும். யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஆய்வுக்குழு பார்க்கும். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு மனத்தாங்கல். “நாங்க என்ன ரவுடியா?” என்று கேட்பார்கள். பிசான நெல் கதிர் விட்டிருக்கும் நேரத்தில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வயலை எப்படிக் காப்பது என்பார்கள். இந்த ஏற்பாடு ஒரு தனி மனிதர் மீதான சந்தேகம் அல்ல, தேர்தல் காலத்துப் பொதுவான முறை என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அதோடு ரசீது பற்றியும் சொல்ல வேண்டும். “ஸ்டேஷன்ல துப்பாக்கி குடுத்ததும் ரசீது வாங்குங்க. ரசீதுல துப்பாக்கி நம்பர் சரியா இருக்கான்னு அங்கேயே நின்னு பாருங்க. திரும்ப வாங்கும்போது அதே நம்பரான்னு பாருங்க.” ஒரே மாதிரி இருக்கும் துப்பாக்கிகள் பல ஒரே அறையில் சாத்தி வைக்கப்படும்போது அந்த நம்பர்தான் காப்பு.

நம்பர் என்றதும் என் மேசையின் மிகக் கடினமான ஆண்டுகள் நினைவுக்கு வருகின்றன. நாடு முழுவதும் உள்ள ஆயுத உரிமங்களை ஒரே கணினித் தொகுப்பில் கொண்டுவர மத்திய உள்துறை 2012இல் விதியைத் திருத்தியது. ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி அடையாள எண் கிடைக்க வேண்டும். எண் ஏறாத லைசென்ஸ் செல்லாது. கடைசித் தேதி பலமுறை தள்ளிப்போய் 2020 வரை வந்தது. ஒவ்வொரு முறை தேதி நெருங்கும்போதும், “எனக்கு நம்பர் ஏறிட்டா?” என்று போன் ஓயாது.

ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய காகிதம். பாட்டனார் பெயருக்கு ஒரு இனிஷியல், அப்பா பெயருக்கு வேறு இனிஷியல். ஆவணத்தில் ஊர்ப்பெயர் ஒரு மாதிரி, லைசென்ஸ் புத்தகத்தில் வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலாகத் துப்பாக்கியின் நம்பர். பல கை மாறி, பல வருடம் எண்ணெய் பட்டுத் தேய்ந்துபோன இரும்பில் 3 எது, 8 எது என்று தெரியாது. அம்பாசமுத்திரம் தாலுகா அலுவலகத்தில் தணிக்கைக்குத் துப்பாக்கிகள் வந்தபோது ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் ஒருவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் குழலை மடித்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தார், பிறகு விரலை விட்டும் பார்த்தார். நம்பர் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். காய்ந்ததும் வெள்ளை சாக்பீஸை அதன்மேல் படுக்க வைத்துத் தேய்த்து, மேலே ஒட்டிய பொடியை விரலால் லேசாகத் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் பொடி தங்கியது. கருத்த இரும்பில் வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது. பிர்மிங்காமில் செய்த துப்பாக்கி. லைசென்ஸ் புத்தகத்தில் 8 என்று இருந்த இடத்தில் இரும்பில் 3 இருந்தது. துப்பாக்கிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது, தன் மேல் ஏதோ குற்றம் விழப்போகிறது என்று. அங்கேயே அவரை உட்கார வைத்து, நம்பர் திருத்தத்துக்கு மனு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லி, ஆர்மரரின் குறிப்பையும் சேர்த்து அனுப்பினோம். அதற்குப் பிறகு போனில் யாராவது நம்பர் பொருந்தவில்லை என்று பதறினால், சாக்பீஸ் முறையைச் சொல்லிவிட்டு, “தோட்டா இல்லைன்னு பார்த்துட்டு அப்புறம் தேயுங்க” என்று சேர்த்துச் சொல்வேன்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருடம் கொடுத்தார்கள். அப்போது பழைய குடும்பங்களிலிருந்து வந்த போன்களில் பணப் பேச்சே இல்லை. “ஒண்ணு பாட்டனார் வாங்கினது, ஒண்ணு அப்பா வாங்கினது, ஒண்ணு நான் வாங்கினது. எதக் குடுக்க, நீங்களே சொல்லுங்க” என்று ஒருவர் கேட்டார். அதை நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் முன்னால் என்னென்ன வழி இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கலாம். லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு முறைப்படி விற்கலாம். எழுபது வயதானவர் என்றால், அல்லது இருபத்தைந்து வருடம் துப்பாக்கி வைத்திருந்தவர் என்றால், வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு மனுக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. வழிகளைக் கேட்டபின், மகனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வாரிசு என்ற பேச்சு சாவோடு சேர்ந்து வரும்போதுதான் அந்த மேசையில் இருப்பவருக்குச் சோதனை. கடையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அழைத்தார்.

“ஐயா, துப்பாக்கி ஆபீஸா?”

“ஆமாம்மா, சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “எங்க வீட்டுக்காரவுக போன மாசம் தவறிட்டாக. அவுக துப்பாக்கி பீரோவுக்குள்ள இருக்கு. போலீஸ் வந்துருமா?” என்றார்.

லைசென்ஸ் நம்பரைக் கேட்க வேண்டிய நேரம் அல்ல அது. “பீரோ பூட்டியிருக்காம்மா? சாவி யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டேன். சாவி அவர் இடுப்பில் இருந்தது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். தோட்டா துப்பாக்கிக்குள் இருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் அதைத் தொட்டதே இல்லை என்றார். “அப்ப நீங்க தொடாண்டாம். பீரோவைத் திறக்கவும் வேண்டாம். ஸ்டேஷன்ல நான் சொல்லுதேன். ஏட்டு ஒருத்தர் வந்து எடுத்துக்கிடுவார். உங்க மேல கேஸ் ஒண்ணும் கிடையாது. துப்பாக்கி இருக்குன்னு நீங்களே கூப்பிட்டுச் சொல்லிட்டீங்க, சட்டம் கேக்கிறதே அதுதான்” என்றேன்.

ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. உரிமம் காலாவதியானாலோ உரிமதாரர் இறந்தாலோ, துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அதன்பின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு வாரிசு உரிமம் கேட்கலாம், அல்லது விற்றுவிடலாம். அந்த அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. கணவர் இறந்த துக்கத்தோடு, ஒரு மாதம் முழுவதும் போலீஸ் பயத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார். எங்கள் அலுவலகப் போன் நம்பரை லைசென்ஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணவர் பென்சிலால் எழுதி வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. வேறொரு அலுவலகத்தில் லைசென்ஸ் காலாவதியான ஒரு பெரியவர் போன் செய்து விவரம் கேட்டிருக்கிறார். எடுத்தவர், “இத்தன மாசம் என்ன செஞ்சீரு? கேஸ் போட்டு உள்ள தள்ளிருவோம்” என்று கத்தியிருக்கிறார். சொன்னது சட்டப்படி முழுப் பொய் அல்ல. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது 25ஆவது பிரிவில் குற்றம்தான். ஆனால் அந்தப் பெரியவர் அன்றிரவே துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, தொழுவத்து மச்சில் வைக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டார். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று அவருக்கு யாரோ யோசனை வேறு சொல்லியிருக்கிறார்கள். பல மாதம் கழித்து உறவினர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர் மூலமாக விஷயத்தைக் கொண்டுவந்தார். ஒப்படைக்க வழி இருக்கிறது, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுங்கள் என்று எடுத்துச் சொன்னபின், துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தனை மாதமும் அந்த மச்சில், பூட்டில்லாமல், பிள்ளைகள் ஏறி விளையாடும் இடத்தில், ஒரு துப்பாக்கி கிடந்திருக்கிறது. ஒரு போனில் பேசிய பேச்சின் விளைவு அது.

இந்தப் பயம் நம் பக்கத்தில் லேசாக வந்ததல்ல. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டு, பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் மதராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் ஒன்று வெளியிட்டுத் தென்பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டபின், இந்த மாவட்டத்தில் போலீஸ் சோதனை எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுதம் என்றால் பறிப்பதற்குத்தான் அரசாங்கம் வரும் என்ற நினைப்பு தலைமுறை தலைமுறையாக வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திர நாட்டின் சட்டம். அதை நடத்துபவர்களின் குரலும் சுதந்திர நாட்டுக் குரலாக இருக்க வேண்டும் அல்லவா?

கனிவாகப் பேசுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல. யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று விசாரித்து வரும் போன்களும் உண்டு. நிலத்தகராறில் எதிராளியிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று வேவு பார்ப்பார்கள். உரிமதாரரின் விவரத்தை அவரைத் தவிர யாருக்கும் சொல்லக்கூடாது. உரிமதாரர் என்று சொல்லிக்கொண்டு அழைத்தாலும் லைசென்ஸ் நம்பர், தகப்பனார் பெயர், துப்பாக்கி வகை மூன்றும் பொருந்தினால்தான் மேலே பேசுவேன். அந்த விவரம் திருடன் கைக்குப் போனால் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, ஊருக்கே ஆபத்து.

ஒருநாள் மாலை அலுவலகம் முடியும் நேரத்தில் ஒரு பெண் அழைத்தார். தாழ்ந்த குரல். “பேரு சொல்ல மாட்டேன் சார். எங்க வீட்ல அவுக தெனமும் குடிச்சிட்டு வாராக. நேத்து துப்பாக்கிய எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாக.” ஊரை மட்டும் கேட்டேன், சொன்னார். அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு லைசென்ஸ். அன்றே எஸ்.பி. அலுவலகத்துக்குத் தகவல் போய், இரவோடு இரவாகத் துப்பாக்கி காவல் நிலையத்துக்கு வந்துவிட்டது. தணிக்கைக்கு என்று சொல்லித்தான் எடுத்தார்கள், அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் வரவில்லை. பிறகு 17ஆவது பிரிவில் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். புருஷன் லைசென்ஸ் புதுப்பிக்கப் பேசும்போது பக்கத்தில் இருந்திருப்பார். மரியாதையாகப் பேசும் இடம் என்று தோன்றியிருக்கும். பயப்படும் இடத்துக்கு யாரும் இப்படிப்பட்ட விஷயத்தைக் கொண்டுவர மாட்டார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கனடா 1995இல் சட்டம் போட்டு, நீளத் துப்பாக்கிகளையும் பதிவு செய்ய வைத்தது. நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் மிராமிச்சி என்ற சிறிய ஊரில் மையம் வைத்து, நாடு முழுவதும் உள்ள துப்பாக்கிக்காரர்களின் காகிதங்களை அங்கே கையாண்டார்கள். வயலும் காடும் உள்ள கிராமத்து மக்களுக்கும் அந்தப் பதிவேட்டை எட்டும் ஒரு வழி தொலைபேசியாக இருந்தது. செலவு சொன்னதைவிடப் பல மடங்கு கூடிவிட்டது என்று 2002இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் கண்டித்தார். கிராமத்தவரின் மனக்கசப்பு ஆறவே இல்லை. 2012இல் நீளத் துப்பாக்கிப் பதிவையே கைவிட்டார்கள். நியூசிலாந்து 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிப் படுகொலையைக் கண்டபின், 2023 ஜூனில் புதிய பதிவேட்டைத் தொடங்கியது. எல்லோரும் வந்து பதிவு செய்ய ஐந்து வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், துப்பாக்கி வைத்திருப்பவர் தாமாக முன்வந்து சொல்லாவிட்டால் எந்தப் பதிவேடும் நிரம்பாது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது, கடையத்துக்காரர்களும் ஆழ்வார்குறிச்சிக்காரர்களும் இனி எங்கே போன் போட வேண்டும் என்று தெரியாமல் எங்களிடமே கேட்டார்கள். “அது எங்க வேலை இல்லை” என்று நாங்கள் சொல்லவில்லை. கோப்பு எந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்துச் சொன்னோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து லைசென்ஸ் புத்தகங்கள் நனைந்துபோயின. நான் ஓய்வுபெற்றுவிட்ட பிறகும், பழைய பழக்கத்தில் சிலர் என்னைத்தான் அழைத்தார்கள். நனைந்த புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பக்கம் பக்கமாகப் பிரித்து நிழலில் உலர்த்தி, தெரிகிற எழுத்தோடு நகல் லைசென்ஸுக்கு மனுக் கொடுங்கள் என்றேன்.

இப்போது மனுக்கள் கணினி வழியாகப் போகின்றன. அது நல்லதுதான். ஆனால் களக்காட்டு விவசாயியும் கடையத்து அம்மாவும் திரையைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். மனிதக் குரலைத்தான் தேடுவார்கள். ஆகவே லைசென்ஸில் துப்பாக்கி நம்பருக்குக் கீழே அலுவலகத் தொலைபேசி எண்ணையும் அச்சிட வேண்டும். காலாவதிக்கு முன்னால் உரிமதாரருக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் செய்தி போக வேண்டும். ஊரில் லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால், வி.ஏ.ஓ. அந்த மாதமே வீட்டுக்குப் போய் வழி சொல்ல வேண்டும். அந்த சீட்டுக்கு வரும் இளநிலை உதவியாளரை முதல் வாரத்திலேயே ஒரு காவல் நிலைய ஆயுத அறைக்கும், ஒரு தணிக்கைக்கும், மலையடிவாரத்தில் பன்றி சாய்த்த ஒரு தோட்டத்துக்கும் அனுப்பிவைக்க வேண்டும். அதற்கு அப்புறம் போனைக் கொடுங்கள். எந்தக் கேள்வி வந்தாலும் பதிவேட்டைத் திறந்து பார்த்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சட்டத்தை அவர் புத்தகத்தில் படித்துக்கொள்வார். இதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.